பூச்சுக்குள் இருந்த பொத்தான்

எலக்ட்ரீசியன் மூணுதடவை தன் வண்டியை நிறுத்தியபோது மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. அது தெரு முனையில் இருந்த மூலை வீடு. வாசல் புதிது, கதவு புதிது, கதவோடு வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் இன்னும் கிழிக்கவில்லை. உள்ளே கால் வைத்ததும் ஈரச் சிமெண்டு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. அது என்னவென்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

மூணுதடவை என்பது அவருடைய பெயரல்ல. பெயரை ஊர் மறந்து பல வருடங்கள் ஆயிற்று. எந்த வயரையும் டெஸ்டர் வைத்து மூன்று தடவை பார்க்காமல் தொடமாட்டார். பல் விளக்கும் பிரஷ்ஷையும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்று அவர் மனைவி கேலி செய்வாள். எலக்ட்ரீசியன் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டி, பத்து விரலும் பத்திரமாக இருக்கிறவருக்கு இந்தக் கேலியெல்லாம் ஒரு பொருட்டா?

வீட்டுக்காரி பள்ளிக்கூட டீச்சர். விரல் நுனியில் சாக்பீஸ் தூளோடு அப்போதுதான் வந்திருந்தாள். கணவருக்கு வேலை வெளியூரில், வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டை வாங்கி, இடித்து, மாற்றிக் கட்டி, குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது.

"இதுதாங்க," என்று சமையலறைச் சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு முழ உயரத்தில் ஒரு சிறு ஓட்டை. அதிலிருந்து இரண்டு பழைய வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"காண்ட்ராக்டர் ஆளுங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. பழைய லைனாம், எதுக்கும் உதவாதாம். நாளைக்குப் பெயிண்ட் அடிக்க வர்றாங்க. உள்ள தள்ளிப் பூசிவிட்டா போதும்."

"பூசிவிட்டா போதும்னா கொத்தனாரைல்ல கூப்பிட்டிருக்கணும்?"

"சின்ன வேலைதானேங்க."

"டீச்சர், முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை இது. இந்த முனை இங்க இருக்கு. இன்னொரு முனை எங்க இருக்கு, எதுல மாட்டியிருக்கு? அது தெரியாம இதை நான் பூசமாட்டேன். வேண்டாத வயரா இருந்தா ரெண்டு பக்கமும் கழட்டணும். உருவ முடிஞ்சா உருவணும். முடியலேன்னா முனையை மூடி, ஒரு பெட்டிக்குள்ள வச்சு, மூடி போட்டு, 'உபயோகத்தில் இல்லை'ன்னு எழுதி ஒட்டணும். நாளைக்கு ஒருத்தன் ஆணி அடிக்க வருவான் பாருங்க, அவனுக்காக."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். பாடம் நடத்துகிறவளுக்கே பாடம் நடத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அவர் டெஸ்டரை எடுத்து வயர் முனையில் வைத்தார். எரியவில்லை. எடுத்து, மறுபடி வைத்தார். எரியவில்லை. மூன்றாவது தடவையும் எரியவில்லை.

"பாத்தீங்களா? செத்த வயரு," என்றாள் டீச்சர்.

"கண்ணால் காண்பதும் பொய்னு சொல்லுவாங்களே டீச்சர்."

ஒரு வயரின் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுற்றி முடித்த இடத்தில், டேப்பின் கடைசி நுனியை உள்பக்கமாக மடித்து ஒரு குட்டி வால் விட்டிருந்தார்கள். அடுத்து வருகிறவன் நகத்தால் சுரண்டாமல், அந்த வாலைப் பிடித்து உரிக்கலாம். மூணுதடவையும் அப்படித்தான் செய்வார். எவனோ தொழில் சுத்தம் உள்ளவன் என்று அவருக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் ஒரு மரியாதை வந்தது.

இவ்வளவு ஒழுங்கானவன் இந்த வயரை ஏன் பாதியில் விட்டுப் போனான் என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

"இன்னொரு வேலையும் இருக்குங்க," என்றாள் டீச்சர். குரல் தணிந்துவிட்டது. பின்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "மாமா அங்க படுத்திருக்கார். ஒரு பக்கம் கை கால் விழுந்து ஆறு மாசம் ஆச்சு. கூப்பிடறதுக்குன்னு ஒரு பெல் வாங்கிக் கொடுத்தோம். வயர் இல்லாத பெல்லு. பொத்தான் அவர் கையில, சத்தம் வர்ற பெட்டி இங்க பிளக்குல."

சமையலறை மேடைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி பளிச்சென்று இருந்தது.

"நான் வீட்டுல இருக்கற நேரம் முழுக்க அடிக்கிறார். போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. சுவர் கடிக்குதாம். சுவருக்குள்ள யாரோ கூப்பிடறாங்களாம். என்னால முடியலைங்க. பள்ளிக்கூடத்துலயும் அந்தச் சத்தம்தான் காதுல கேக்குது." அவள் கண்கள் கலங்கியிருந்தன. "சத்தம் மட்டும் வராம பண்ணிடுங்க. பொத்தான் அவர் கையிலயே இருக்கட்டும். அமுக்கற திருப்தி இருந்தா போதும்."

மூணுதடவை டேப்பின் வாலிலிருந்து விரலை எடுத்தார்.

அமுக்கற திருப்தி இருந்தா போதும். இதே வார்த்தைகளை எங்கேயோ கேட்டிருக்கிறார். எங்கே என்று நினைவைத் துழாவினார். அகப்படவில்லை. அகப்பட வேண்டாம் என்றும் இருந்தது.

அவர் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல முகம்தான். நல்ல முகங்கள் என்னென்ன கேட்கும் என்று வீடு வீடாகப் போகிறவனுக்குத் தெரியும். படுத்த படுக்கையான மனிதர், சத்தம் வராத பெல், வெளியூரில் இருக்கும் மகன். அவர் மனம் வேண்டாத கணக்கெல்லாம் போட்டது.

"முதல்ல அவரைப் பார்க்கறேன்," என்றார்.

பின்னறையில் ஜன்னல் இல்லை. இருந்த ஜன்னலைப் புதுக் குளியலறைக்காக அடைத்துவிட்டார்கள். பட்டப்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். சுவரை ஒட்டி மரக்கட்டில், அதில் வாட்டசாட்டமான ஒரு மனிதர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். கட்டிலுக்கு மேலே, அவர் பிடித்து எழுந்திருப்பதற்காக, சுவரில் எஃகுக் கைப்பிடி ஒன்று பதித்திருந்தது.

"வாங்க தம்பி," என்றார் பெரியவர். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு தெளிவாகவே இருந்தது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலையில வளைவு திரும்பினவன். இப்ப ஒரு சுவத்துக்குப் பயந்து கிடக்கேன். சிரிக்காதீங்க."

"சிரிக்கல பெரியவரே. எது கடிக்குது?"

"இந்தக் கைப்பிடிதான். சும்மா இருக்கும். சாது மாதிரி இருக்கும். திடீர்னு சுவருக்குள்ள 'டிக்'னு ஒரு சத்தம் கேக்கும். அப்பத் தொட்டிருந்தா கை மரத்துப்போற மாதிரி ஒரு கடி. மறுபடி டிக், மறுபடி கடி. மூணு தடவை. அப்புறம் அடங்கிடும். கொஞ்ச நேரத்துல திரும்பவும் மூணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அது கூப்பிடற சத்தம். ஸ்டாப்புல இறங்கறவன் மணி அடிச்சா டிரைவருக்குத் தெரியாதா? யாரோ எதுக்கோ கூப்பிடறாங்க. யாரும் போகல."

வாசற்படியில் நின்ற டீச்சர் உதட்டைக் கடித்தாள். 'பார்த்தீர்களா, இப்படித்தான்' என்றது அந்தப் பார்வை.

மூணுதடவை கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை.

பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். வயதானவர், உடம்பு விழுந்தவர், மருமகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர். பொய் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்?

"டெஸ்டரை எடுக்காதீங்க தம்பி," என்றார் பெரியவர். "அப்படியே வச்சிருங்க."

வைத்திருந்தார். அறையில் மூன்று பேரின் மூச்சு மட்டும் கேட்டது. அந்த அடிவாடை இங்கே பலமாக இருந்தது. இப்போது அவருக்கு அது என்னவென்று தெரிந்தது. தைலம். மூட்டு வலிக்குத் தேய்க்கிற பச்சைத் தைலம்.

"தைலம் தேய்ப்பீங்களா?"

"கிடையவே கிடையாது. அந்த வாசனை எனக்கு ஆகாது. நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

டிக்.

சுவருக்குள்ளிருந்து வந்தது.

டெஸ்டருக்குள் சிவப்புப் புள்ளி எரிந்தது.

அணைந்தது.

டிக். எரிந்தது. அணைந்தது.

டிக்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ," என்று விரலிடுக்கில் முனகினாள். "தினம் சாயங்காலம் ஈரத்துணியில உடம்பு துடைச்சு, வெறுங்காலோட தரையில நிக்க வைக்கிறேங்க. அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பார்."

இதுவரை பெரியவரைக் காப்பாற்றியது மரக்கட்டிலும் காய்ந்த கையும்தான். அந்த டிக் ஒரு சாயங்காலம், ஈரத்தில், சரியான நேரத்தில் வந்திருந்தால்? சத்தம் வராத பெல்லை அவர் அமுக்கிக்கொண்டே கிடந்திருப்பார்.

"யாரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. பெரியவரே, கட்டிலை விட்டு இறங்காதீங்க."

அவரும் டீச்சரும் சேர்ந்து கட்டிலைச் சுவரை விட்டு இரண்டடி நகர்த்தினார்கள். பிறகு அவர் கூடத்துக்கு ஓடி, புது போர்டின் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு முழுவதும் மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பின்னறை இருண்ட குகையாகிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் திரும்பி வந்து, மறுபடி டெஸ்டரைக் கைப்பிடியில் வைத்துக் காத்திருந்தார். மெயினையே இறக்கிய பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? அவருக்கே தெரியவில்லை.

டிக்.

எரிந்தது.

மெயின் இல்லை. வீட்டில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லை. சிவப்புப் புள்ளி மட்டும் இருட்டில் அவரைப் பார்த்து மூன்று தடவை கண்ணைத் திறந்து மூடியது.

"தம்பி," என்று பெரியவர் கிசுகிசுத்தார், "யாரது?"

தொழில் மூளைதான் அவரை இழுத்து நிறுத்தியது. மெயினை இறக்கியும் கரண்ட் வருகிறதென்றால் மெயினுக்கு முன்னாலிருந்தே எவனோ ஒரு லைன் எடுத்திருக்கிறான். மீட்டர் பக்கத்திலேயே.

"மீட்டர் எங்க இருக்கு டீச்சர்?"

"அது பின்னாடிச் சந்துல இருக்குங்க. பழைய வாசல் அந்தப் பக்கம்தான் இருந்ததாம். எங்களுக்குப் பிடிக்கல, அடைச்சுட்டு இந்தப் பக்கம் திறந்துக்கிட்டோம்."

அவர் மூலையைச் சுற்றி நடந்தார். சந்து குறுகல். இரண்டு பக்கமும் வீடுகளின் முதுகு. வெயில் அதற்குள் வருவதில்லை. பாதி தூரத்தில் சுவரில் ஒரு மீட்டர் பெட்டி. அதன் பக்கத்தில் செங்கல் வைத்து அடைத்த ஒரு வாசலின் வடிவம். பூச்சு பூசியும் அந்த வடிவம் மறையவில்லை. அதன் அடியில் அரைவட்டமாக ஒரு கல்படி மட்டும் இன்னும் மீதம் இருந்தது.

அந்தப் படியைப் பார்த்ததும் மூணுதடவை நின்றுவிட்டார்.

இந்தப் படியில் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. தனியாக வேலை பிடிக்க ஆரம்பித்த புதிது. இந்த வீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா படுக்கையில், அவள் அறை முழுக்கப் பச்சைத் தைல வாடை. காது கேட்காது, வாய் பேசாது, நோயும் வந்து கால்களை முடக்கிவிட்டது. கட்டிலோரச் சுவரில் ஒரு பெல் பொத்தான், சமையலறையில் பெல். அந்தப் பொத்தான் ஒன்றுதான் அவளுடைய வாய். மூன்று தடவை அமுக்கினால் 'வா' என்று அர்த்தம். தங்கை அவரைப் படியிலேயே நிறுத்திச் சொன்னாள்: "பெல்லை மட்டும் நிறுத்திடு தம்பி. பொத்தான் இருக்கட்டும். அவளுக்குத்தான் காது கேக்காதே, அடிக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்? அமுக்கற திருப்தி இருந்தா போதும்."

அவர் அதைச் செய்தார். சமையலறையில் பெல்லைக் கழற்றிவிட்டு, வயர் முனையில் டேப் சுற்றி, நுனியை அழகாக மடித்து வால் விட்டு, ஓட்டைக்குள் தள்ளினார். மீட்டர் பக்கத்து ஃபியூஸையும் பிடுங்கியிருக்க வேண்டும். அது உயரத்தில் இருந்தது, ஏணி இல்லை, பசி வேறு. பெல்லே இல்லாத வயரில் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் பொத்தானுக்கு அப்பால் இருக்கிற வயர் எப்போதும் சாகாது. யாராவது பொத்தானை அமுக்குகிற வரைக்கும் தூங்கும், அவ்வளவுதான்.

அதைக்கூட மறந்திருக்கலாம். மற்றொன்றைத்தான் மறக்க முடியவில்லை. அவர் புறப்படும்போது அக்கா பொத்தானை மூன்று தடவை அமுக்கினாள். அமுக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சரி செய்துவிட்டாயா, அடிக்கிறதா என்று கேட்டன அந்தக் கண்கள்.

அவர் சிரித்தபடி தலையை ஆட்டினார். அடிக்கிறது என்று.

அவளும் சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் அவள் செத்துப்போன செய்தி வந்தது. அன்று வீட்டில் ஆள் இருந்ததாம். சமையலறையில்தான் இருந்தார்களாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எதையும் மூன்று தடவை பார்க்கிற பழக்கம் வந்தது. ஊர் அதை ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டது. அவரும் ஊரை நம்பவிட்டார்.

இப்போது வீட்டில் பெயிண்ட் வேலைக்கு வந்திருந்த ஏணி இருந்தது, எடுத்து வந்தார். ஏறினார். மீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஒட்டடைக்குள், பீங்கான் ஃபியூஸ் ஒன்று ஒளிந்திருந்தது. கண்ணீர் மறைத்ததால் அதைத் தடவித்தான் பிடிக்க முடிந்தது. ரப்பர் கையுறையோடு இழுத்தார். பத்தொன்பது வருடத் துரு கிறீச்சென்றது. கையோடு வந்துவிட்டது.

வயர் இப்போதுதான் செத்தது.

உள்ளே வந்து, டார்ச்சை டீச்சரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். கைப்பிடியில் டெஸ்டரை வைத்தார்.

டிக்.

எரியவில்லை.

டிக். டிக்.

எரியவில்லை. மின்சாரம் போய்விட்டது. சத்தம் போகவில்லை.

"இன்னும் கேக்குதே," என்றாள் டீச்சர். டார்ச் வெளிச்சம் சுவரில் ஆடியது. "கரண்ட்தான் இல்லையே. அப்புறம் எது சத்தம் போடுது?"

அவர் உளியை எடுத்தார். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, படுத்திருப்பவர் கைக்கு எட்டும் உயரத்தில், இடம் தேடாமலே வைத்து அடித்தார். புதுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. தைல வாடை குப்பென்று வந்தது. காண்ட்ராக்டர் ஆட்கள் கழற்றச் சோம்பல்பட்டு, ஒரு அட்டையை மேலே வைத்துப் பூசியிருந்தார்கள். அட்டையை உரித்தார்.

பழுப்பேறிய வட்டப் பொத்தான் ஒன்று இருந்தது.

அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. தேய்ந்து, வழவழவென்று. இரண்டு மாதம் அமுக்கினால் அவ்வளவு தேயாது. பத்தொன்பது வருடம் அமுக்கினால் தேயும்.

பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது.

மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக வெளியே வந்தது, யாரோ விரலை எடுத்தது மாதிரி.

டீச்சரின் கையிலிருந்து டார்ச் விழுந்து உருண்டது. இருட்டில் பெரியவர் மட்டும் பேசினார். "பாவம்மா. ரொம்ப நாளா நிக்கிறாங்க போலிருக்கு."

மூணுதடவை டார்ச்சைத் தேடி எடுத்தார். காண்ட்ராக்டர்மேல் பழி போட வழி இருந்தது. கைப்பிடி திருகாணியை வயரில் ஏற்றியவர்கள் அவர்கள்தான். பொத்தானைப் பூசி மறைத்தவர்களும் அவர்கள்தான். யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"இதைப் பண்ணது நான்தான் டீச்சர்."

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஃபியூஸைச் சொன்னார். தலையாட்டியதையும் சொன்னார். தன் மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. சொல்லி முடித்தபோது டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் அதையேதான் உங்ககிட்ட கேட்டேன்," என்றாள். அழுகை வந்துவிட்டது. "மாமா, என்னை மன்னிச்சிருங்க மாமா."

"விடும்மா. நான் அடிச்ச ஹாரனுக்கு எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பாங்க," என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு மூணுதடவை செய்தது ஒழுங்கான வேலை. கைப்பிடியையும் பொத்தானையும் கழற்றினார். மீட்டர் பக்கம் வயரை அறுத்து, முனையை மூடினார். சமையலறைப் பக்கமிருந்து பழைய வயர்களை உருவினார். திருகாணி துளைத்த இடத்தில் உறை கிழிந்து செம்பு தெரிந்தது. ஒரு வயர் மட்டும் குழாய்க்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அதன் இரண்டு முனைகளையும் மூடி, இரண்டு பக்கமும் பெட்டி வைத்து, மூடி போட்டு, 'உபயோகத்தில் இல்லை, இரு பக்கமும் துண்டிக்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு ஒட்டினார். கைப்பிடியை எதிர்ச் சுவரில், வயர் ஓடாத இடம் பார்த்துப் பதித்தார். மெயினை ஏற்றினார். விளக்குகள் வந்தன. கைப்பிடியில் டெஸ்டரை மூன்று தடவையல்ல, முப்பது தடவை வைத்துப் பார்த்தார். அது சாதுவாகவே இருந்தது.

வெள்ளைப் பெட்டியைக் காட்டி, "இதை என்ன பண்ண?" என்று கேட்டார்.

"அது அடிக்கட்டும்ங்க," என்றாள் டீச்சர். "எத்தனை தடவை வேணாலும் அடிக்கட்டும். நான் போறேன்."

உருவிய வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பழைய பொத்தானைக் குப்பையில் போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு கோவிலுக்குப் போய்க் கும்பிடலாமா, எங்காவது மண்ணில் புதைக்கலாமா என்று யோசித்தபடி புது வாசலுக்கு வந்து, வண்டியில் பையை மாட்டினார். தெருவில் சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம். எல்லாம் சாதாரணமாக இருந்தது.

சட்டைப் பைக்குள், நெஞ்சின் மேல், பொத்தான் அமுங்கியது.

டிக்.

அவர் கை சட்டைப் பையின் மேல் போனது.

டிக். டிக்.

கையை விட்டு எடுத்தார். வயர் இல்லை, சுவர் இல்லை. உள்ளங்கையில் வெறும் பொத்தான், அதன் நடுவில் வழவழப்பான அந்தக் குழி. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எதிரே காற்றைப் பார்த்தார். அந்த அக்காவின் முகம் அங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டார். அவளுக்குத்தான் காது கேட்காதே, மன்னித்துவிடு என்று சொல்லி என்ன பயன்? பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தார்.

தலையை இல்லை என்று ஆட்டினார். இல்லை, அடிக்கவில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை.

பொத்தான் அசையாமல் இருந்தது. தைல வாடை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பப் போனார்.

வீட்டுக்குள் வெள்ளைப் பெட்டி அடித்தது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை.

"வர்றேன் மாமா! இதோ வந்துட்டேன்!" டீச்சர் ஓடுகிற சத்தம் கேட்டது.

பின்னறையிலிருந்து பெரியவரின் குரல் மெல்ல வந்தது.

"நான் அமுக்கலையேம்மா. என் பொத்தான் அதோ, அந்த மேசை மேல இருக்கு."

மூணுதடவை கையை விரித்துப் பார்த்தார். பழைய பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது. டீச்சரின் காலடிச் சத்தம் பின்னறை வாசலில் வந்து நின்றதும், அது மெதுவாக மேலே எழும்பியது.